கச்சேரித் திருநாள்

மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியின் முற்றத்தில் கொடி மேலே போய் விரிந்த கணத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெப்ரவரி நாலாம் திகதி, சுதந்திர தினத்துக்கென்று எங்கள் பள்ளிக்கூடத்தை வரிசையாக நடத்திக் கூட்டிப்போயிருந்தார்கள். கயிற்றை எடுத்து, மாவட்டத்துக்கே பெரியவரான அரசாங்க அதிபரின் கையில் கொடுத்தவர் என் அப்பா, அங்கே பியோன்.

எங்கள் மாதா கோயிலில் கொடி ஏறினால் ஒன்பது நாள் நவநாள், பிறகு திருநாள். மனத்தாங்கலோடு நற்கருணை வாங்கக்கூடாது என்று சுவாமியார் கண்டிப்பாகச் சொல்லுவார். ஆகவே முறைத்துக்கொண்ட சொந்தங்களெல்லாம் திருநாளன்று ஒன்றாக இருந்து சாப்பிடும். அப்பாவும் சித்தப்பாவும் டிசம்பரில் வந்த நத்தாருக்குப் பிறகு பேசுவதில்லை. "அரசியல்" என்றாள் அம்மா. ஏதோ காணித் தகராறாக்கும் என்று நினைத்தேன். சித்தப்பா வராத வீடு எனக்கு வீடாகவே இல்லை. கோயில் திருநாளுக்கோ இன்னும் மாதக்கணக்கில் இருந்தது. இப்போது அரசாங்கமே ஒரு கொடியை ஏற்றித் தந்திருக்கிறது, விடலாமா?

கிடைத்த டொபியை வாயில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு ஓடினேன். சித்தப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவருடைய வள்ளத்திலும் ஒரு கொடி! வெறும் கறுப்புத் துணி. கலர்த் துணி கிடைக்கவில்லைப் போலும்.

"நீங்களும் கொடியேத்தினனீங்களோ, சித்தப்பா? அப்ப ஒன்பது நாளால எங்கட வீட்டை சாப்பிட வாங்கோ."

"கொப்பர் சொல்லி விட்டவரோ?" என்று அப்பாவைக் குறித்துக் கேட்டார்.

"இல்லை, நானாத்தான் வந்தனான்."

"அதானே பாத்தன்" என்று சிரித்தார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

அன்று மாலையே கச்சேரிக் கொடியை இறக்கி மடித்து வைத்துவிட்டதாக அப்பா வந்து சொன்னபோது நான் அழுத அழுகை! "முதல் நாளே இறக்கினா திருநாள் எப்பிடி வரும்? சித்தப்பான்ர கறுத்தக் கொடி இன்னும் நிக்குது. அவருக்குத்தான் பக்தி!"

அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குசினிக்குள் அடுப்படிக்குப் போனாள். அப்பா சிரிக்கவில்லை.

"இதை வெளியில ஒருத்தருக்கும் சொல்லாதை, பிள்ளை. அப்பான்ர வேலைக்குக் கூடாது."

ஒன்பது நாள் முடிந்து வந்த ஞாயிறு மத்தியானம், வாசலில் சித்தப்பா. கையில் ஒரு பெரிய பாரைமீன்.

"பிள்ளை கூப்பிட்டது, வந்தனான். உங்கட கொடிக்கு வரேல்லை, அண்ணை."

"ஆர் உன்னட்டைக் கொடி கேட்டது? உள்ளுக்கு வா."

அப்பா முதலில் தெருப்பக்கத்து யன்னலைச் சாத்தினார். அதற்குப் பிறகுதான் தம்பிக்குக் கதிரையை இழுத்துப் போட்டார். வெக்கையில் வேர்த்து ஒழுக ஒழுகச் சாப்பிட்டோம். காற்று வரட்டுமே என்று நான் யன்னலைத் திறக்கப் போனபோது இருவரும் ஒரே குரலில் "விடு!" என்றார்கள். நத்தாருக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து சொன்ன முதல் சொல் அது.

ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. என் மனம் அதற்குள் அடுத்த வருடத்துக்குப் போய்விட்டிருந்தது. கச்சேரிக் கம்பம் நல்ல உயரம். அப்பாவின் கொடிக்குக் கீழே சித்தப்பாவின் கொடியையும் கட்டிவிட்டால் வீட்டில் ஒருவரும் யன்னல் சாத்த வேண்டியிராது. இம்முறை இவர்களைக் கேட்டுக்கொண்டு நிற்காமல், நேராக அரசாங்க அதிபரிடமே போய்க் கேட்பது என்று தீர்மானித்தேன்.