அக்காவின் நெற்றியில் கறுப்பு டாலர்

அக்காவின் இந்த நினைவு மலரில் எழுத என்னைப் பிடித்ததற்குக் காரணம் என் தமிழ் அல்ல. அக்காவின் சொந்தபந்தங்களில் எல்லோருடனும் இன்னும் பேச்சு வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். அதுவும் இந்தக் கட்டுரை அச்சாகும் வரைக்கும்தான். நாமக்கல்லில் லாரிகளின் முதுகில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதிப் பிழைத்தவன் நான். இரண்டு சொல்லுக்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சண்டைக்கு வருபவர்கள் வரிசையில் வாருங்கள். அக்காவின் மேல் ஏற்கெனவே கோபமாக இருப்பவர்களுக்கு முன்னுரிமை உண்டு.

பனமரத்துப்பட்டிப் பக்கம், கடலைக்காடு வைத்திருந்த எங்கள் குடும்பத்தில் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். மழை பெய்தால் சோறு, பொய்த்தால் களி. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருந்த வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். மச்சான் அந்த வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுவார். கல்யாணமாகிச் சில வருடங்களில் வண்டி கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கே போனது. மச்சானும் போனார்.

திரும்பி வந்தபோது எல்லோரும் தங்கம் எதிர்பார்த்தார்கள். மச்சான் கொண்டுவந்தது சட்டைப்பையில் மிச்சமிருந்த சில்லறை. அதில் ஒன்று, அங்கே ஒரு கடைக்காரர் அன்பாகக் கொடுத்தனுப்பிய பழைய அமெரிக்க வெள்ளி டாலர். ஒரு பெண்ணின் முகம், பின்புறம் கழுகு, இரண்டும் அடுப்பங்கரைச் சுவர்போலக் கறுத்திருந்தன.

"போனவரு வந்தாரு, கரியைக் கொண்டாந்தாரு" என்று அக்காவின் மாமியார் சொன்னாராம். அக்கா அந்த டாலரை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். அன்று பிடித்தது அந்தக் காசுப் பித்து.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எவரும் நிம்மதியாக வெளிநாடு போய்வர முடியவில்லை. அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளைகள் சாக்லேட்டையும் சென்ட்டையும் நீட்டினால், அக்கா அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டுவார்.

"காசு எங்க சாமி?"

"இந்தாங்க பெரியம்மா, புதுசா பாத்து எடுத்தாந்தேன்."

"புதுசை வச்சு நான் பூசையா பண்றது? உங்கொப்பன் பொறக்கறதுக்கு முந்தி அடிச்ச காசு வேணும். இல்லீனா அடுத்த வாட்டி இந்தப் பக்கம் வராதே."

அப்படி வராமல் போனவர்கள் உண்டு. அவர்களுடைய பெயர்களை அச்சகத்தார் இடமில்லை என்று எடுத்துவிட்டார்கள்.

மச்சான் காலமான பிறகு அக்காவுக்குத் துணை அவருடைய மகளும் அந்தக் காசுகளும்தான். அமெரிக்கப் பென்னிகள், எருமை போட்ட காசுகள், செல்லாமல் போன ஐரோப்பிய நோட்டுகள் எல்லாவற்றுக்கும் சேலை வரும் பிளாஸ்டிக் கவரை வெட்டி, தைத்து, பை செய்தார். ஒருமுறை யாரோ போனில் அழைத்து, அந்த டாலருக்கு லட்சக்கணக்கில் தருவதாகவும் அதற்கு முன்பணம் கட்ட வேண்டும் என்றும் சொன்னான். "லட்சம் வச்சிருக்கறவன் எதுக்குடா எங்கிட்டப் பிச்சை கேக்கறே?" என்று தொடங்கி அக்கா திட்டிய திட்டில், அவன் தமிழ் புரியாதவன்போல இந்திக்கு மாறிவிட்டான். அக்கா விடவில்லை. மச்சான் வடக்கே ரிக் ஓட்டியபோது கற்றுவந்த இந்தியெல்லாம் நல்ல வார்த்தைகள் அல்ல; அத்தனையும் அன்று பயன்பட்டன.

இனி சின்ன மச்சானுக்கு வருகிறேன். அக்காவின் கொழுந்தனார். அவரும் இந்த மலரைப் படிப்பார் என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஓர் ஆயுதபூசைக்கு, தான் பிறகு வாங்கிய ரிக் வண்டியைக் கழுவி, ஸ்பேனர்களைத் துலக்கி, துளைபோடும் பிட்டுக்குச் சந்தனம் வைத்து முடித்தும் சின்ன மச்சானுக்குக் கை அடங்கவில்லை. அக்கா கோயிலுக்குப் போயிருந்த நேரம், பீரோவிலிருந்து காசுகளை எடுத்துவந்து, புளியும் செங்கல்தூளும் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்துவிட்டார். அக்கா திரும்பி வந்தபோது அமெரிக்கத் தலைவர்கள் அத்தனை பேரும் பளபளவென்று, நெற்றியில் குங்குமத்துடன், சம்பந்தி வீட்டார்போல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"பாருங்க நங்கையா, எப்பிடி மின்னுதுன்னு!" என்று அவர் அண்ணிக்குக் காட்டினார்.

அக்கா ஒவ்வொரு காசாக எடுத்துக் குங்குமத்தைத் துடைத்துப் பையில் போட்டார். திட்டாத அக்காவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பிறகு, சேலத்தில் நடந்த நாணயக் கண்காட்சிக்கு நானே அவரைக் கூட்டிப்போனேன். அங்கிருந்த வியாபாரி கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "கழுவிட்டீங்களே அம்மா, இதை ஒருத்தரும் வாங்க மாட்டாங்க" என்று பையை மூடிக் கொடுத்தார். விற்பதற்காக அக்கா போகவில்லை. இருந்தாலும் பேருந்தில் வரும்போது சொன்னார்: "அந்தக் கறுப்புத்தான்டா அதோட வயசு. தேச்சா வயசு போயிரும். உன்னையத் தேச்சாக்கூட ஒண்ணுமில்லே, உள்ளயும் அதேதான் இருக்கும்."

கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்ததால் கறுப்பு டாலர் மட்டும் தப்பியது. "இது என்ற புள்ளைக்கு. எவன் கையும் படப்படாது" என்று அன்று முதல் சொல்லிவந்தார். சின்ன மச்சானோடு கடைசிவரை பேசவில்லை. ஒரே சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் குடியிருந்துகொண்டு, சொல்ல வேண்டியதை என்னிடம் போனில் சொல்லி அனுப்பினார்கள். தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்லக்கூட நான் நாமக்கல்லில் இருந்து பேச வேண்டும்.

சென்ற ஆண்டு சிறுநீரகம் கெட்டுப்போய், கொஞ்ச நாள் படுக்கையிலிருந்து, அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார். குளிப்பாட்டி, கோடி போர்த்தி, பந்தலில் கிடத்தியாயிற்று. நெற்றியில் வைக்க ஒரு ரூபாய் நாணயம் கேட்டார்கள். பந்தல் முழுக்க ஆள். ஆளுக்கு ஆள் பையைத் தடவினோம். எல்லோரிடமும் போன் இருந்தது; காசு ஒருவரிடமும் இல்லை. டீக்கடைக்காரரும் ஸ்கேன் பண்ணச் சொல்கிற காலம். உலகத்துக் காசையெல்லாம் சேர்த்தவருக்கு நெற்றிக் காசு இல்லை.

"ராகுகாலம் வருதுங்க" என்று பெரியவர் ஒருவர் அவசரப்படுத்தினார்.

உள்ளே போன சின்ன மச்சான் கண்ணாடிக் கூட்டோடு வந்தார். கறுப்பு டாலரை எடுத்தார். தலைமாட்டில் இருந்த தட்டிலிருந்து திருநீற்றை அள்ளினார். பெருவிரலால் தேய்க்க ஆரம்பித்தார்.

"மச்சான், தேய்க்காதீங்க!" என்று நான் பாய்ந்தேன்.

"அழுக்கா இருக்குது மாப்ள! நங்கையா நெத்தியில அழுக்கையா வைக்கறது?"

அவர் கையை நான் பிடித்தேன். என் துண்டை அவர் பிடித்தார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மேளக்காரர் அடியை வேகப்படுத்தினார். எங்கள் சண்டைக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது. வேட்டி அவிழும்போல இருக்கவே நான் கையை விட்டேன். அந்த நொடியில் அவர் காசை அக்காவின் நெற்றியில், சந்தனத்தின் மேல் அழுத்திவிட்டார்.

"வச்சதை எடுக்கப்படாது" என்றார் பெரியவர்.

அக்காவின் மகள் என் அருகில் வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அது எங்கம்மா எனக்குன்னு வச்சது. காசில்லாம நீங்க ஊட்டுக்கு வராதீங்க மாமா."

எங்கள் வழக்கப்படி நெற்றிக் காசு மயானத்தில் வேலை செய்பவருக்கு. அதைக் கேட்டு வாங்கக் கூடாது. அமரர் ஊர்தியில் போகும் வழியெல்லாம் இதை வைத்தே நானும் சின்ன மச்சானும் அக்காவின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து சண்டை போட்டோம். நடுவில் அக்கா. மறுபடியும் ஒரு சுவர்.

மயானத்தில் அந்த மனிதர் காசை எடுத்தார். திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதென்ன செல்லாத காசை வச்சுக் கொண்டாந்திருக்கீங்க?"

"அமெரிக்கா காசுங்க" என்றார் சின்ன மச்சான், பெருமையாக.

"அமெரிக்காவுல போயி நான் டீ குடிக்கறதுங்களா? நீங்களே வச்சுக்கங்க. அந்தா, ஸ்கேன் அட்டை ஒட்டியிருக்குது பாருங்க, அதுல அனுப்பீருங்க."

அட்டை நோக்கி நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, அக்காவின் மேல் எனக்கு எவ்வளவு பாசம் என்று பலர் பேசிக்கொண்டார்களாம்.

டாலர் இப்போது மகளிடம் இருக்கிறது. காசில் இருக்கும் பெண்ணின் கூந்தல் இடுக்கில் அக்காவின் நெற்றிச் சந்தனம் ஒட்டியிருக்கிறது. கன்னத்தில் மட்டும், சின்ன மச்சானின் பெருவிரல் பட்ட இடம், வெள்ளையாக மின்னுகிறது. இது ஆறுமா என்று கேட்டேன்.

"தானாக் கறுக்கும் மாமா. கறுக்கட்டும். அன்னைக்கு சித்தப்பாவோட பேசறேன்" என்றாள்.

அக்கா எங்கும் போய்விடவில்லை என்று அப்போது தெரிந்தது.

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், காசு கொண்டுவந்தவர்களுக்கும், கொண்டுவராமல் திட்டு வாங்கியவர்களுக்கும், செல்லாது என்று சொன்ன அந்த மனிதருக்கும் எங்கள் நன்றி. சின்ன மச்சானுக்கும் நன்றி. அவர் திவசத்துக்கு அவசியம் வர வேண்டும், கைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு. மற்றவர்கள் வரும்போது மறக்காமல் ஆளுக்கொரு ஒரு ரூபாய் நாணயம் வைத்திருங்கள். வயதில் அக்காவுக்கு அடுத்தவன் நான். என் நெற்றிக்குச் சின்ன மச்சான் எதைத் தேய்த்து எடுத்து வருவாரோ தெரியாது.