மைக் அக்காவின் பதினான்கு நாள்

பேருந்து நிலையத்தில் எல்லோருக்கும் அவள் மைக் அக்கா. அவளைவிட நான்கு வயது பெரியவரான மேலாளரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சொல்வது அவள் வேலை. பத்தொன்பது வருடம் சொல்லியாயிற்று. அவள் குரலைக் கேட்டு விழுந்தடித்து ஓடி வண்டி பிடித்தவர்கள் எத்தனையோ பேர், ஒருவருக்கும் அவள் முகம் தெரியாது. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

அந்தக் குரலுக்கு வருடத்தில் ஒரு கண்டம். கோடை போய் இலையுதிர்காலம் பிறக்கிற வாரத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும். போன வருடம் பதினொரு நாள் வெறும் காற்றுதான் வந்தது. ஓட்டுநர்கள் ஆளுக்கொரு ஜன்னலில் தலையை நீட்டி ஊர் பேரைக் கத்த, நிலையம் சந்தைக்கடை ஆனது. இந்த வருடம் கோடை முடிவதற்கு முன்பே மேலாளர் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கூண்டின் மூலையில் கொண்டுவந்து வைத்தார். உள்ளே பதிவுக்குரல் இயந்திரம்.

"இந்தத் தடவையும் குரல் போச்சுன்னா இதை மாட்டிடுவோம் அக்கா. கவலைப்படாதீங்க, உங்களுக்கு லக்கேஜ் அறையில இடம் இருக்கு."

"போனா பாத்துக்கலாம் சார்."

வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. லக்கேஜ் அறையில் பேசவே வேண்டாம். சீட்டை வாங்கிக்கொண்டு பெட்டியை எடுத்துக் கொடுத்தால் போதும்.

மறுநாளே ஆயுர்வேத வைத்தியரம்மாவிடம் போய் உட்கார்ந்தாள். "ஏதாவது லேகியம் குடுங்க, நக்கிட்டுப் போயிடறேன்."

வைத்தியரம்மா நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். "கோடையில என்ன குடிப்பீங்க?"

"ஐஸ் போட்ட எலுமிச்சை ஜூஸ். ஒரு நாளைக்கு எட்டு டம்ளர்."

"காலம் மாறினதும்?"

"ஒண்ணாம் தேதி காலையிலயே ஐஸுக்கு முழுக்கு. அன்னிக்கே மிளகு, சுக்கு போட்டுக் கஷாயம், கொதிக்கக் கொதிக்க. நான் ஒண்ணு நினைச்சா நினைச்சதுதான்!" பெருமையாகத்தான் சொன்னாள்.

"அங்கதான் தப்பு. கோடைச் சூடு இன்னும் உடம்புக்குள்ளதான் உட்கார்ந்திருக்கு. அது மேல காரத்தை ஊத்துறீங்க. வெளியில காத்தும் வறண்டு அடிக்குது. தொண்டை என்ன பண்ணும் பாவம்? காலம் ஒரே நாள்ல மாறாதும்மா. போற காலத்துல கடைசி ஏழு நாள், வர்ற காலத்துல முதல் ஏழு நாள். இந்தப் பதினாலு நாளும் பழசைக் கால் கால் பங்கா விடணும், புதுசைக் கால் கால் பங்கா பிடிக்கணும்."

ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார்: எட்டு டம்ளர் ஆறாகணும், ஐஸ் போய்ச் சாதாரணத் தண்ணீர் வரணும், அப்புறம் வெதுவெதுப்பு. படுக்கும்முன் நெய் விட்ட பால், உள்ளங்காலுக்கு நல்லெண்ணெய், ஒன்பதுக்கு விளக்கை அணைக்கணும். வேலை முடிந்தபின் உரக்கப் பேசக் கூடாது.

வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று வாழ்ந்தவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. உப்பையே விடு என்றால் விட்டுவிடுவாள்; கால் பங்கு விடு என்றால் எரிச்சல் மண்டைக்கு ஏறும். கணவருக்கோ கொண்டாட்டம். "கத்தக் கூடாதுன்னு எழுதியே குடுத்திருக்காங்களா? அந்தச் சீட்டைக் கண்ணாடி போட்டு மாட்டிடலாம்." அவள் முறைத்தாள். "முறைக்கறதும் கால் பங்குதானே?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் ஓடினார்.

வீடு வழிக்கு வந்துவிட்டது. அலுவலகம் வருமா? அவள் தலைக்கு நேர் மேலே காற்று வரும் துவாரம். கோடையின் கடைசி நாள் வரை அதில் பல் கிட்டும் ஏசி குளிர், ஒன்றாம் தேதி காலையிலிருந்து ஹீட்டர் அனல். சுற்றறிக்கை அப்படி.

"கொஞ்சம் கொஞ்சமா மாத்தச் சொல்லுங்க சார்."

"தலைமை அலுவலகத்துல ஒரே ஸ்விட்ச் அக்கா. உங்க ஒருத்தருக்காக மாத்துவாங்களா?"

ஆனது ஆகட்டும் என்று அவள் மூலையிலிருந்த இயந்திரத்தை வெளியே எடுத்து வைத்தாள். அட்டைப்பெட்டியைக் கத்தரித்து நான்கு துண்டு செய்தாள். மேசைமேல் ஏறி முதல் துண்டைத் துவாரத்தின் கால் பாகத்தில் ஒட்டினாள். இரண்டு நாள் கழித்து அடுத்தது. கோடையின் கடைசி நாளில் துவாரம் முழுக்க மூடிவிட்டது.

மேலாளர் வந்து பார்த்துக் கொதித்துப்போனார். "யாரைக் கேட்டு ஒட்டினீங்க?"

"என் தொண்டையைக் கேட்டு."

"மெமோ குடுப்பேன்!"

"குடுங்க சார். மைக்லயே படிக்கறேன்."

அனல்காற்று தொடங்கியபின் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். நான்காம் தேதி, போன வருடம் குரல் போன அதே தேதி, ஒரு துண்டு கழற்றியிருந்தாள். அன்று காலை எழும்போதே தொண்டையில் கரகரப்பு. வெளியே புழுதிக்காற்று. மேலாளர் முன்கூட்டியே சொல்லிவைத்த மெக்கானிக், கருவிப்பையோடு கூண்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு வாய் மிளகுக் கஷாயம் கிடைத்தால் தேவலை என்று அவள் உடம்பு துடித்தது. பக்கத்துக் கடையில் கேட்டால் போட்டுத் தருவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மடக்கு வெந்நீர் குடித்தாள், பொத்தானை அழுத்தினாள். முதல் சொல் உடைந்தது. இரண்டாவது நின்றது. மூன்றாவது ஏழு நடைமேடைக்கும் போய்ச் சேர்ந்தது. மதியம் வரை நாற்பது வண்டி சொன்னாள், ஒன்றும் பிசகவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, மைக் திறந்திருந்ததால் அழவில்லை.

மேலாளர் வந்தார். மெக்கானிக் எழுந்து, "மாட்டிடலாமா சார்?" என்றார். மேலாளர் வாயைத் திறந்தார். வெறும் காற்று வந்தது. அவர் அறையிலும் அதே துவாரம்தான், அட்டைதான் கிடையாது.

மைக் அக்கா பொத்தானை அழுத்தினாள். "பயணிகள் கவனத்திற்கு. நிலைய மேலாளருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. அவர் சார்பில் அறிவிப்பது என்னவென்றால், இயந்திரம் மாட்ட வந்தவர் திரும்பிப் போகலாம்."

ஏழு நடைமேடையும் சிரித்தது. மேலாளர் முகம் சிவந்தது. மறுத்துச் சொல்லக் குரல் இருந்தால்தானே? கூண்டுக்குள் வந்து ஒரு தாளில் எழுதி நீட்டினார்: அட்டை மிச்சம் இருக்கா?

கழற்றி வைத்திருந்த துண்டை எடுத்துக் கொடுத்தாள். மெக்கானிக் இன்னும் வாசலிலேயே நின்றார். "மெஷினைத் திருப்பி எடுத்துட்டுப் போகப் பெட்டி இல்லையே, இதை எங்க வைக்கறது?"

"லக்கேஜ் அறையில இடம் இருக்கு," என்றாள் மைக் அக்கா.