பிண்ணாக்குக் கூழ்

பூந்தமல்லி பஜாரில் எண்ணெய்க் கடை எதுவென்று கேட்டால் இன்றைக்கு என் கடையைத்தான் காட்டுவார்கள். மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். யார் தயவும் இல்லாமல் மேலே வந்தவன், எதற்கும் அசராதவன். அப்பேர்ப்பட்ட நான், உலகச் சண்டை நடந்த காலத்தில், ஒரு சட்டிக் கூழைப் பார்த்து நடுங்கியிருக்கிறேன்.

பர்மா அரிசி நின்றுபோன சமயம். பாரிவாக்கத்தில் குடிசை, பூந்தமல்லியில் ஒரு பாயுடைய செக்கில் மாடு ஓட்டும் கூலி. இரண்டாவது பிள்ளை பிறந்ததும் மூத்தவளுக்குத் தாய்ப்பால் நின்றது. அதற்கப்புறம் கஞ்சித்தண்ணிதான். கொஞ்ச நாளில் அவள் முகமும் காலும் உப்பிக்கொண்டன. நானோ, "ஊரே காயுது, எம்பொண்ணு கன்னத்தைப் பாருங்கடா" என்று தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தேன். அவள் சிரிப்பதில்லை, அழுவதுகூட இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. காலை அழுத்திப் பார்த்தேன். பள்ளம் விழுந்தது, மேலே எழும்பவில்லை. அதே மாதிரி உப்பிய ஒரு குழந்தையைப் பக்கத்துத் தெருவில் அப்போதுதான் புதைத்திருந்தார்கள்.

செக்கில் பசியெடுத்தால் சூடு ஆறாத கடலைப் பிண்ணாக்கை வெல்லத்தோடு வாயில் போட்டுக்கொள்வோம். அன்றைக்கும் அப்படித் தின்ற கையோடு வீடு திரும்பி நான் கை கழுவுவதற்குள், எதையும் ஏறெடுத்துப் பார்க்காத பிள்ளை என் விரலை நக்கினாள். மறுநாளே பாயிடம் கேட்டேன். "எடுத்துக்கினு போடா" என்றார். ஊறவைத்துப் பிசைந்து, கேழ்வரகுக் கூழில் கரைத்து, கொஞ்சங்கொஞ்சமாக ஊட்டினேன்.

"இன்னா மாமே, புள்ளைய கறவைக்கு வுடப் போறியா?" என்றான் என் சம்சாரத்தின் தம்பி. நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. வீக்கம் வடிந்தது. வடிந்த இடத்தில் சதையைக் காணோம், எலும்புதான் இருந்தது. தொடைத்தோல் பை மாதிரி தொங்கிற்று.

"மாட்டுத் தீனியப் போட்டு எம்பொண்ண உருக்கிட்டியேயா!" என்று சம்சாரம் சட்டியைப் பிடுங்கினாள். வைத்தியரோ, வயிற்றைக் காயப்போடு என்று சொல்லிவிட்டார்.

எனக்கு மட்டும் என்ன தெரியும்? கொடுத்தால் சாவாளோ, நிறுத்தினால் சாவாளோ. எப்படியும் வாயைத் திறக்கிறாளே, அது ஒன்றுதான் தைரியம். சட்டியைத் திரும்ப வாங்கினேன். ஒவ்வொரு வாய்க்கும் மூக்கருகே புறங்கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். வேலைக்குப் போனாலும் காதெல்லாம் வீட்டுப் பக்கமே. தெருவில் யாராவது ஓடிவந்தால் மாட்டை நிறுத்திவிடுவேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஒருநாள் காலையில் காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பின்னால் ஒரு அலறல். எல்லாம் முடிந்தது என்று சம்சாரம் மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளை முகம் சிவக்க, கையை நீட்டி, சட்டிக்காக அழுதுகொண்டிருந்தாள்.

அழுகை என்றால் அப்படியொரு அழுகை. சம்சாரம் என் கையிலிருந்த சட்டியை வாங்கி, ஒட்டியிருந்ததை வழித்து அவளே ஊட்டினாள். நான் சுவரைப் பிடித்து உட்கார்ந்தேன். வடிந்தது சதையல்ல, உடம்பில் கட்டியிருந்த நீர்தான், பிள்ளை பிழைத்துவிட்டாள் என்று அப்போதுதான் புரிந்தது.