கவர்னர் பிறந்த கட்டிலில் ஓர்லா

கவர்னர் ஏசா ப்ரூவிட் பிறந்த அறையில்தான் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். மெயின் தெருவில் இரண்டு மாடிச் செங்கல் வீடு அது. கவர்னரின் அப்பா மரம் அறுக்கும் மில் வைத்துச் சம்பாதித்துக் கட்டியது. இப்போது கீழே மருந்துக்கடை, மேலே பல் டாக்டர். எங்கள் மலையில் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஆனால் மறைந்துபோன கவர்னரின் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தலைநகரிலிருந்து வந்தவர் எங்களில் யாரையும் கேட்கவில்லை. ஓடைக்கரையில் ஒரு மரக்கட்டைக் குடிலில் பிறந்தார் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அது கவர்னரே, அந்தப் பதவிக்கு ஓட்டுக் கேட்டு நின்றபோது, தேர்தல் மேடையில் அளந்துவிட்ட கதை. இந்த நாட்டில் பெரிய மனிதன் என்றால் குடிலில்தான் பிறந்திருக்க வேண்டும். மாடி வீட்டில் பிறந்தவனுக்கு எவன் ஓட்டுப் போடுவான்?

புத்தகம் வந்ததும் ஊருக்கு ஆசை வந்துவிட்டது. ஜனங்கள் பார்க்க வருவார்களே, காட்டக் குடில் வேண்டாமா? ஒரு குழு போட்டார்கள். டிரிம்பிள் அம்மாள் தலைவி. மலை முழுக்கத் தேடி, கடைசியில் அவர்கள் கை வைத்தது ஓர்லா ஸ்டிடம் பிறந்த குடிலில்.

ஓர்லாவும் நானும் பள்ளிக்கூடச் சமையலறையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அவள் செய்யும் சோளரொட்டிக்கு வாத்தியார்களே வரிசையில் நிற்பார்கள். அவளுடைய அம்மா லூடி அந்தக் குடிலில் ஆறு பிள்ளை பெற்றாள். ஆறாவது பிரசவத்தில், பனி கொட்டி வழி அடைபட்டுக்கிடந்த நாளில், அங்கே கிடந்த கயிற்றுக் கட்டிலிலேயே செத்துப்போனாள். மூத்தவள் ஓர்லா. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள் அன்றோடு அடுப்படிக்கு வந்தாள், தம்பி தங்கைகளை வளர்த்தாள், கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அம்மாவுக்கு ஒரு போட்டோ கிடையாது. கல்லறையில் நட்டிருந்த மரப்பலகையும் உளுத்துப்போனது. அம்மா இருந்தாள் என்பதற்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்தக் குடில் ஒன்றுதான்.

அதைத் தூக்கிக் கொடுத்தவன் அவள் தம்பி டெல்மர். குடில் அவன் பங்கு நிலத்தில் இருந்தது. "வைக்கோல் போட்டு வச்சிருந்த எடந்தானக்கா. ஒரு பிக்கப் வண்டி தர்றேன்னாங்க, சரின்னுட்டேன்" என்றான். கட்டைகளுக்குச் சாக்கட்டியால் எண் போட்டுப் பிரித்து, கோர்ட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்த் திரும்ப அடுக்கினார்கள். கயிறு பின்னிய அந்தக் கட்டிலையும் விடவில்லை.

ஓர்லா சண்டைக்குப் போகவில்லை. டிரிம்பிள் அம்மாளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். நானும் கூடப் போயிருந்தேன்.

"கவர்னர் பேர எவ்வளவு பெருசா வேணும்னாலும் போட்டுக்கோங்க. அதுக்குக் கீழ சின்னதா எங்கம்மா பேரு. லூடி ஸ்டிடம் இங்கதான் குடும்பம் நடத்துனா, இங்கதான் செத்தான்னு. அது போதும்."

"அப்படிப் போட்டா வர்றவங்க கொழம்பிருவாங்களே, ஓர்லா" என்றாள் டிரிம்பிள் அம்மாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையைக் கவிழ்த்திருப்பேன். ஓர்லா என் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

குடிலின் கதவோரக் கட்டையில் கத்தியால் கீறிய கோடுகள் உண்டு. பிள்ளைகள் வளர வளர லூடி அளந்து போட்டவை. திறப்பு விழா முடிந்து பார்க்கப் போனால் அதற்குக் கண்ணாடி போட்டிருந்தார்கள். 'சிறுவன் ஏசாவின் உயரம்' என்று கீழே ஒரு அட்டை. ஓர்லா கண்ணாடிமேல் விரல் வைத்து ஒரு கோட்டைக் காட்டினாள். "இது என் தலைடி" என்றாள்.

கவர்னரின் பிறந்தநாள் வந்தது. பேண்டு வாத்தியம், கோழி வறுவல், பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக. கவர்னரின் பேரன், வக்கீல் கார்லைல் ப்ரூவிட், பேச வந்திருந்தார். ஓர்லா அம்மா மாதிரியே முடியை முடிந்துகொண்டு வந்தாள். யாரும் கவனிப்பதற்குள் குறுக்கே கட்டியிருந்த தடுப்புக் கயிற்றைத் தாண்டி உள்ளே போய், கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டாள்.

டிரிம்பிள் அம்மாள் ஓடிவந்தாள். "எந்திரி ஓர்லா, வெளிய பிள்ளைங்க நிக்குது."

"எங்கம்மா செத்த கட்டில் இது. அவ பேர எழுதுங்க, எந்திரிக்கிறேன்."

போலீஸைக் கூப்பிட ஆளனுப்பப் போனார்கள். அதற்குள் பேரன் உள்ளே வந்தார். குனிந்து, மெதுவாகத்தான் பேசினார். நான் கதவருகில் நின்றதால் காதில் விழுந்தது.

"எனக்குத் தெரியும்மா. தாத்தா அந்தச் செங்கல் வீட்லதான் பொறந்தாரு. அப்பாவே சொல்லியிருக்காரு."

ஓர்லா தலையைத் தூக்கினாள். "அப்ப அத வெளிய போயிச் சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து டிரிம்பிள் அம்மாளைப் பார்த்தார். "இவங்கள ஏன் எழுப்புறீங்க? அப்படியே இருக்கட்டும். பாக்க நல்லாத்தான இருக்கு." வெளியே போய் மைக்கைப் பிடித்து, குடிலில் பிறந்த ஏழைப் பிள்ளையின் கதையைக் கண்ணில் நீர் ததும்பச் சொன்னார். படித்த அயோக்கியன்.

டிரிம்பிள் அம்மாள் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளை உள்ளே விட்டு, "இவங்கதான் இன்னைக்குக் கவர்னரோட அம்மாவா நடிக்கிறாங்க" என்றாள்.

முன்னால் நின்ற ஒரு சிறுமி கேட்டாள்: "ஒங்க பாப்பா பேரென்ன?"

"ஓர்லா. அது நாந்தான். நான் இங்கதான் பொறந்தேன் கண்ணு. எங்கம்மா பேரு லூடி."

"வசனம் மறந்துபோச்சு போல" என்று டிரிம்பிள் அம்மாள் சிரித்தாள். பிள்ளைகளும் சிரித்தன, பிறகு கை தட்டின. அடுத்த வகுப்பு உள்ளே வந்தது. அதுவும் கை தட்டியது. ஓர்லா எழுந்து, போர்வையை மடித்து வைத்துவிட்டு, அவர்களுக்கு நடுவிலேயே வெளியேறினாள். வழிவிட்டவர்கள் 'ரொம்ப நல்லா பண்ணீங்க' என்றார்கள். மறுவாரம் குழுவிலிருந்து ஒரு பழங்காலத் தொப்பியும் நீளப் பாவாடையும் வீட்டுக்கு வந்தன, சனிக்கிழமை தோறும் வரச்சொல்லி. அவள் அதை அப்படியே அடுப்பில் போட்டாள். அதன்பிறகு அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. நாங்கள் சந்தைக்குப் போனால்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவோம்.

குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் போய்ச்சேர்ந்தாள். எங்கள் ஊர்ப் பத்திரிகையில் மரணச் செய்தி வந்தது: 'கவர்னர் ப்ரூவிட்டின் தாயாராக நடித்து அனைவரின் அன்பையும் பெற்ற ஓர்லா ஸ்டிடம் காலமானார்.' தம்பி தங்கைகள் பெயரெல்லாம் இருந்தது. அம்மா பெயர் இல்லை.

உடனே பத்திரிகைக்குப் போன் போட்டேன். "பெத்தவ பேர ஏன் விட்டீங்க?"

"டிரிம்பிள் அம்மாதான் எழுதிக் குடுத்தாங்க" என்றான் அங்கிருந்தவன். "அதுல ஓர்லாவோட அம்மா பேரு ஹேரியட் ப்ரூவிட்னு இருந்துச்சு. அது கவர்னரோட அம்மாவாச்சே, தப்பா இருக்குமேன்னு நாங்கதான் எடுத்துட்டோம்."