எங்கள் தெருவில் எல்லோரும் ஃபேன் மட்டும்தான் போட்டிருந்தோம்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஃபேஸ் மாற்றினேன். மூன்றில் இரண்டு ஃபேஸில் கரண்ட் இல்லை. மிச்சமிருந்த ஒன்றுக்கு வீட்டைத் திருப்பிவிட்டு, ஹீட்டர் போட்டுத் தலைக்குக் குளித்தேன்.

கணபதி ஏரியாவில் எங்கள் தெருவே அதைத்தான் செய்திருக்கிறது. ஒன்பதரைக்கு அந்த ஃபேஸும் போய்விட்டது.

எதிர்வீட்டுத் தேவியின் மகளுக்கு அப்போதுதான் ஆன்லைனில் வேலைக்கான நேர்காணல். பாதியில் நின்றுவிட்டது.

லைன்மேன் வந்து கருகிய ஃபியூஸைக் காட்டினார்.

"மூணு ஒயரு தாங்கற லோடை ஒரே ஒயருல ஏத்துனா எரியாம என்னங்க பண்ணும்? ஹீட்டரு போட்டது யாருங்க?"

"எங்கூட்ல ஃபேன் மட்டும்தானுங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அடுத்த வீட்டிலும் ஃபேன். அதற்கடுத்த வீட்டிலும் ஃபேன்.

"எங்கூட்லயும் ஃபேனுதானுங்க" என்றேன், தலையில் ஈரத்துண்டோடு.

லைன்மேன் துண்டைப் பார்த்தார். "உங்கூட்டு ஃபேன்ல சுடுதண்ணி வருமாட்ட இருக்குதுங்க, அம்மணி."

எல்லோரும் சிரித்தார்கள். தேவி மட்டும் தள்ளி நின்று அந்தக் கம்பெனிக்குத் திரும்பத் திரும்ப போன் செய்துகொண்டிருந்தாள். மறுபடி கூப்பிடுவார்களா என்று சாயங்காலம் வரை தெரியவில்லை.

நாளைக் காலை அவள் வீட்டுக்குப் போய், ஹீட்டர் போட்டது நான்தான் என்று சொல்லப்போகிறேன். மற்ற வீட்டு ஃபேன்களைப் பற்றி அவரவரே சொல்லிக்கொள்ளட்டும்.

இந்த முடிவை என் வீட்டுக்காரரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. தயவுசெய்து அதற்குள் யாரும் தேவியை இந்தப் பதிவில் டேக் செய்துவிடாதீர்கள்.