ஓ பாசிட்டிவ் என்று நான் எழுதியது

ரத்த வங்கிப் பயிற்சி வகுப்புகளில் என் பெயரைச் சொல்லி ஒரு பாடம் நடத்துவார்கள். தன் ரிசல்ட்டையே சந்தேகப்பட்டு மறுபடி டெஸ்ட் பண்ணச் சொன்ன டெக்னீஷியன், அதனால் பிழைத்த ஒரு குழந்தை. நான் ரிட்டயர் ஆன அன்று மாலை போட்டுவிட்டு அதையேதான் சொன்னார்கள். தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அடக்கமான மனுஷன் என்று நினைத்திருப்பார்கள். எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. நடந்ததை இப்போதாவது ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

1. சனிக்கிழமை வகுப்பு

அறுபதுகளின் நடுப்பகுதி. தாராவியில் குடியிருந்தேன், பம்பாய் ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்த வங்கியில் ஜூனியர் டெக்னீஷியன். எங்கள் தலைமை டாக்டர் மிஸ்திரி, பார்சி அம்மா. வேலை தெரிந்தவர்களுக்கும் படிப்பு முடியக்கூடாது என்பது அவர் கொள்கை. சனிக்கிழமை மத்தியானம் கட்டாய வகுப்பு. ரத்தத்தைப் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்கும் ஆர்எச் என்ற விஷயமே எங்களில் பாதிப் பேருக்கு அங்கேதான் புரிந்தது.

ஒரு சனிக்கிழமை எல்லோரும் தங்கள் ரத்தத்தையே டெஸ்ட் பண்ண வேண்டும். விரலைக் குத்தி, ட்யூபில் ஆன்டி-டி சீரம் விட்டு, வாட்டர் பாத்தின் இளஞ்சூட்டு நீரில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ரத்தம் கட்டி கட்டியாகத் திரண்டால் பாசிட்டிவ். என்னுடையது திரளவே இல்லை. மூன்று முறை பார்த்தேன். குரூப் ஓ என்பது முன்பே தெரியும்; ஆக, ஓ நெகட்டிவ். நம் ஊர்க்காரர்களில் அபூர்வம்.

எங்கள் ஆபீஸ் கிளார்க் சாவந்த் ஓ நெகட்டிவ். அந்த ரத்தத்தை அவசரத்துக்கு யாருக்கும் ஏற்றலாம் என்பதால், மனுஷன் சாப்பிட உட்கார்ந்தால் பியூன் வந்து நிற்பான், வார்டில் ரத்தம் வேண்டுமென்று. அவரை நாங்கள் “நடமாடும் பாட்டில்” என்று கேலி செய்வோம். இனி அந்தக் கேலி எனக்கும்தானே? அதைவிட ஊசி பயம். ஆயிரம் பேர் கையில் ஊசி குத்தியவன்தான். என் கைக்கு வந்தால் உடம்பெல்லாம் வியர்த்துவிடும். ரெஜிஸ்டரில் என் பெயருக்கு எதிரே “ஓ பாசிட்டிவ்” என்று எழுதி, ட்யூபைக் கழுவி வைத்துவிட்டேன். யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

2. பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை

சில மாதங்கள் கழித்து, ஒரு காலை பத்து மணி. பிரசவ வார்டில் பிறந்து இரண்டு நாளான ஆண் குழந்தை, மஞ்சளாகக் கிடக்கிறது. அம்மா ஓ நெகட்டிவ், குழந்தை ஓ பாசிட்டிவ். அம்மாவின் உடம்பில் உண்டான எதிர்ப்புச் சத்து குழந்தையின் ரத்தத்தை உடைக்கிறது. முந்தின குழந்தை இப்படியேதான் போயிருக்கிறது. குழந்தையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு, ஓ நெகட்டிவ் ரத்தத்தை ஏற்ற வேண்டும். தாமதமானால் மஞ்சள் மூளையைத் தாக்கும். இதெல்லாம் வகுப்பில் நான் நோட்டு எடுத்த பாடம்.

பிரிட்ஜில் ஓ நெகட்டிவ் இல்லை. டாக்டர் மிஸ்திரி வெளியே ஒரு மீட்டிங்கில். “பன்னெண்டு மணிக்குள்ளே தேடி வை” என்று போனில் எனக்கு உத்தரவு. நானும் தேடினேன். எத்தனை சிரத்தை! எல்லா ரத்த வங்கிக்கும் போன் போட்டேன், டோனர் கார்டுகளைப் புரட்டினேன். தேடப்படும் ஆள் தேடிக்கொண்டிருந்தான்.

குழந்தையின் அப்பா சுடலைமுத்து, தாராவியில் தோல் கம்பெனி வேலை. என் பேச்சைக் கேட்டதும் ஊர்க்காரன் என்று பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, என் ரத்தத்த எடுங்க. எம்புட்டு வேணாலும் எடுங்க.”

“ஒங்க ரத்தம் சேராது தம்பி. ஓ நெகட்டிவ் வேணும். அது ரொம்பக் கொஞ்சப் பேருக்குத்தான் இருக்கும்.”

“அது இன்னாருக்கு இருக்குன்னு எப்படித் தெரியும்?”

“டெஸ்ட் பண்ணாத் தெரியும்.”

“நீங்க பண்ணிப் பாத்திருக்கியளா அண்ணாச்சி?”

சந்தேகத்தில் கேட்கவில்லை. பாவம், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“பாத்தாச்சு. எனக்கும் பாசிட்டிவ்தான்,” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து, “நீங்க என்ன செய்விய, அலைஞ்சிட்டுத்தான இருக்கிய,” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

பதினொன்றரைக்கு சாவந்த் வந்து சட்டைக் கையை மடித்தார். மூன்று வாரம் முன்புதான் கொடுத்திருந்தார். அவர் விரலிலிருந்து ஒரு சொட்டை காப்பர் சல்பேட் கரைசலில் விட்டேன். சொட்டு முங்க வேண்டும், மிதந்தது. உடம்பில் ரத்தம் போதாது. “சல்தா ஹை, லே லோ,” பரவாயில்லை, எடுத்துக்கோ என்று மறுபடி கையை நீட்டினார். நான் கேலி செய்த மனுஷன்.

டாக்டர் பன்னிரண்டுக்கு வந்தார். அப்போதும் உண்மையைச் சொல்ல நா எழவில்லை. “மேடம், எதுக்கும் என் ரத்தத்தை இன்னொரு தடவை பாத்துடலாம். வகுப்புல எடுத்த ரீடிங் தப்பா இருக்கலாம்,” என்றேன். “உங்லி தோ,” என்று விரலைக் கேட்டுத் தானே குத்தினார். மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தவர் முகம் மலர்ந்துவிட்டது. என் ரத்தத்தைத் தாயின் சீரத்தோடு சேர்த்துப் பார்த்த கிராஸ்மேட்ச்சும் ஒத்துப்போனது. நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்தேன். ஊசி அப்படி ஒன்றும் வலிக்கவில்லை.

குழந்தை பிழைத்தது. சுடலைமுத்து என் பெயரைக் கேட்டார். தங்கராஜ் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை டாக்டர் வகுப்பில் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். “தன் ரிசல்ட்டைத் தானே சந்தேகப்படுகிறவன்தான் டெக்னீஷியன்,” என்றார். சாவந்த்கூடக் கை தட்டினார்.

3. வாழைப்பழம்

இரண்டு வருஷம் போல ஆகியிருக்கும். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு சுடலைமுத்து வந்தார், பையனைக் கையில் பிடித்துக்கொண்டு. பையன் நழுவி வராந்தாவில் ஓடினான்.

“ஏல தங்கராசு! இங்க வால!”

நான் திரும்பிப் பார்த்தேன். பையன் திரும்பவில்லை.

“ஒங்க பேரத்தான் வச்சிருக்கோம் அண்ணாச்சி. கூப்பிட்டாத் திரும்ப மாட்டான். காது கேக்கல. அன்னைக்கு வந்த மஞ்சளுதான்னு டாக்டர் சொல்லுதாக. அதனால என்ன, உசுரு நீங்க போட்டதுல்லா.”

அந்த இரண்டு மணி நேரத்தால்தானா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. முன்னாடியே ஏற்றியிருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம். இதை எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒட்டவில்லை. ரெஜிஸ்டரில் நான் பொய் எழுதியதை அன்று அவரிடமும் சொல்லவில்லை. பழத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு பியூன் வந்து கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் போய்ப் படுத்து ரத்தம் கொடுத்தேன். அது கணக்கை நேராக்காது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ரீடிங் தப்பாகிவிட்டால் மறுபடி பார்த்துத் திருத்தலாம். அதற்குத்தான் வகுப்பு, இரண்டாவது ஆள், எல்லாம். பார்த்ததை மறைத்து எழுதினால் எந்த வகுப்பும் காப்பாற்றாது. பழைய ரெஜிஸ்டரில் என் பெயருக்கு எதிரே “ஓ பாசிட்டிவ்” அடிக்கப்பட்டு, “ரீடிங் பிழை” என்று டாக்டர் மிஸ்திரியின் கையெழுத்து இருக்கும். ரெஜிஸ்டர் இன்னும் இருந்தால் யாராவது அதைத் திருத்திவிடுங்கள். அது பிழை இல்லை. நான் பார்த்தேன், தெரிந்தே எழுதினேன்.