ஸ்டாண்டு அத்தையின் இரண்டாவது கேள்வி

பள்ளிபாளையத்தில் கோகிலவாணியிடம் டோக்கன் இல்லாமல் வண்டி கேட்டுப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை கேட்டதில்லை. பஸ் நிறுத்தத்தை ஒட்டி அவள் நடத்துகிற வண்டி ஸ்டாண்டில் ஒரு டோக்கன் வில்லை ஹேண்டில்பாரில் தொங்கும், அதே நம்பர் போட்ட இன்னொரு வில்லை வண்டிக்காரர் சட்டைப்பையில் இருக்கும். இரண்டும் ஒன்று சேர்ந்தால்தான் வண்டி நகரும். ஒருமுறை அவளுடைய கொழுந்தனாரே வில்லையைத் தொலைத்துவிட்டு வந்து பல்லை இளித்தார். "ஆர்.சி. புக்க எடுத்துக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். மனிதர் வெயிலில் நடந்து வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார். அந்த வருஷம் பொங்கலுக்கு அவர் இவள் வீட்டுப் பக்கமே வரவில்லை. இவளும் அதற்காக வருத்தப்படவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்.

இப்படிப்பட்டவள் சர்ச் வாசலில் போய் உட்கார்ந்தது எப்படி என்று ஊரில் இன்றைக்கும் கேட்கிறார்கள். அவள் சபைக்காரி இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறவள். காரணம் ஒரு பொடியன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று வயது இருக்கும் அவன் தனியாக நடந்து ஸ்டாண்டுக்குள் வந்து, ஒரு மொபெட்டின் கால் வைக்கும் இடத்தில் சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டான். ரோட்டைத் தாண்டித்தான் வந்திருக்கிறான், அதுவும் லாரி போகிற ரோட்டை.  சர்ச்சில் நடக்கிற ஞாயிறு பள்ளியிலிருந்து நழுவி வந்தவன் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராகப் பாஸ்டர் முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க பாஸ்டர், டயர் தேஞ்ச வண்டிக்கே நானு டோக்கன் போட்டுத்தான் வாங்கி வெக்கறேன். நீங்க உசுர வாங்கி வெச்சுக்கறீங்க, ஒரு சீட்டு குடுக்கறதில்லீங்களா?"

பாஸ்டர் நல்ல மனிதர். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கேட்டுவிட்டு, "தப்புத்தாங்கம்மா. எங்களுக்கு வழி தெரியல. நீங்களே வந்து டோக்கன் போட்டுக் குடுங்களேன்" என்றார்.  பூனைக்கு மணி கட்டச் சொன்னவள் கையிலேயே மணியைக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு, ஸ்டாண்டைக் கணவரிடம் விட்டுவிட்டு, ஈரோட்டில் புதிதாகச் செய்து வாங்கிய பிளாஸ்டிக் வில்லைகளோடு சர்ச் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். இது என்ன பெரிய வேலை, இரு சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு கால் என்றுதான் நினைத்திருந்தாள். முதலில் ஒருவர் வந்தார். ஒன்றரை வயதுப் பெண் குழந்தையை அவள் கையில் கொடுத்தார், வில்லையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டார், திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். டி.வி.எஸ்.ஸை விட்டுவிட்டுப் போகிற அதே நடை. கோகிலவாணி குழந்தையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தலையில் தேங்காய் எண்ணெய் வாசம், கழுத்தில் பவுடர், கைக்குள் சூடு. எந்த வண்டியும் அவள் முகத்தை இப்படி நிமிர்ந்து பார்த்ததில்லை. 'யாரு என்னன்னு தெரியாத என்கிட்ட இத நம்பிக் குடுத்துட்டுப் போயிட்டாரே' என்று நினைத்தபோது அவள் குழந்தையை இன்னும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். பயமாக இருந்தது, பயத்தைவிட வியப்பாக இருந்தது. அந்த வியப்பு அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட அவளை விட்டுப் போகவில்லை.

வேலையைச் சொல்ல வேண்டும். அவள் வருவதற்கு முன்னால் அந்த வாசல் சந்தைக்கடையாக இருந்தது. உள்ளே போகிற வழியும் வெளியே வருகிற வழியும் ஒன்றாக இருந்ததுதான் குழப்பத்துக்கெல்லாம் காரணம் என்று முதல் வாரமே கண்டுபிடித்து, வெளியே வருவதற்குப் பூவரச மரத்தடிச் சின்னக் கதவைத் திறக்க வைத்தாள். அழுகிற குழந்தையை வரிசையில் நிற்க வைத்தால் வரிசையே அழும் என்பதால் அழுகிறதை முதலில் வாங்கினாள். வில்லையைத் துணிப்பட்டையில் தைத்து, ஊக்குக் குத்தி, சட்டையின் முன்பக்கம் மாட்டியபோது சின்னதுகள் எடுத்துச் சப்பின. முதுகுப் பக்கம் மாட்டினாள், பிரச்சினை தீர்ந்தது. காய்ச்சல் உண்டா, சாப்பிட்டதா, வெளிக்குப் போயாச்சா என்று கேட்காமல் யாரையும் உள்ளே விடமாட்டாள். உள்ளே பாட்டும் கதையும் சொல்லிக்கொடுக்கிற மதுமதி டீச்சர், "உங்க ஸ்டூல் வந்தப்புறந்தான் நான் நிம்மதியா கதை சொல்றேன்" என்பாள். பிள்ளைகள் அவளுக்கு 'ஸ்டாண்டு அத்தை' என்று பெயர் வைத்தார்கள். சுற்றுத் தெருக்களில் கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளும் பாட்டுக்காகவும் பிஸ்கட்டுக்காகவும் வரத் தொடங்கினார்கள்.

கெடுதல் வேறு வழியில் வந்தது. தறி ஓட்டுகிற லைன் வீடுகளில் எல்லாரும் ஒருவருக்கொருவர் அக்கா, மாமா, பெரியம்மா. ஒரு தெருவின் வில்லைகளையெல்லாம் ஒருத்தி முந்தானையில் முடிந்துகொண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போக வருவாள், ரேஷன் கடைக்கு வருகிற மாதிரி. ஒரு நாள் அப்படி வந்த ஒருத்தி தவறான பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பாதி தூரம் போய்விட்டாள். வில்லை சரியாகத்தான் இருந்தது. தெருவில் யாரோ இருவர் தங்கள் வில்லைகளை மாற்றி எடுத்திருந்தார்கள். பிள்ளையும் வாயில் பிஸ்கட்டோடு வாய் திறக்காமல் போயிருந்தது.

அன்று கோகிலவாணி யோசித்தாள். வண்டிக்கு வாய் கிடையாது, அதனால் வில்லை பேசுகிறது. பிள்ளைக்குத்தான் வாய் இருக்கிறதே, அதை ஏன் கேட்கவில்லை? அன்றிலிருந்து வில்லையைச் சரிபார்த்த பிறகு இரண்டாவதாக ஒரு கேள்வி வந்தது. பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, வந்தவரைக் காட்டி, "இது ஆரு சாமி?" என்று கேட்பாள். பிள்ளை சொல்ல வேண்டும். சொன்னால்தான் கதவு திறக்கும். பேச்சு வராத சின்னதுகளென்றால் கொண்டுவந்து விட்டவரேதான் வரவேண்டும். வில்லைகளை முடிந்துகொண்டு வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். தாயும் பிள்ளையுமாக இருந்தாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்துவிட்டாள். எல்லாம் சீராக ஓடியது, போன ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் நந்தகுமார் வந்து நிற்கும் வரைக்கும்.

கூட்டம் கலைகிற நேரம். சின்னக் கதவுக்கு வெளியே ஒருவன் வில்லையை நீட்டினான். கறுத்து ஒடுங்கிய முகம், தாடி, தோளில் பை. கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு.

"அறிவுமதிங்க. என்ற புள்ளைங்க" என்றான்.

நம்பர் சரியாக இருந்தது. அறிவுமதி நாலு வயதுக்காரி. அவளை வாரா வாரம் கூட்டி வருவது அவள் அம்மா தமிழ்ச்செல்வி. திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து சமீபத்தில்தான் லைன் வீட்டுக்குக் குடி வந்தவர்கள். தகப்பனை இங்கே யாரும் பார்த்ததில்லை. கோகிலவாணி பிள்ளையைக் கூட்டிவந்து குனிந்தாள்.

"இது ஆரு சாமி?"

அறிவுமதி வந்தவனைப் பார்த்தாள். பிறகு கோகிலவாணியின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். "தெரியாதுங்க" என்றது சேலைக்குள்ளிருந்து ஒரு குரல்.

நந்தகுமாரின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. ரிக் வண்டியில் சத்தீஸ்கருக்கு ஆழ்குழாய்க் கிணறு போடப் போனவன். மழைக்காலத்துக்குத் திரும்ப வேண்டியவன், வண்டி பழுதாகி நின்றதில் ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடந்துவிட்டான். அன்று காலையில்தான், சொல்லாமல் கொள்ளாமல் ஈரோட்டில் ரயில் இறங்கி வீட்டுக்கு வந்திருக்கிறான். தமிழ்ச்செல்வி அழுது முடித்து, வில்லையை அவன் கையில் கொடுத்து, "நீங்களே போயிக் கூட்டியாங்க, புள்ள துள்ளிக் குதிக்கும்" என்று அனுப்பிவிட்டுக் கறிக்கடைக்கு ஓடியிருக்கிறாள். இதையெல்லாம் அவன் திக்கித் திக்கிச் சொன்னான்.

"ஊட்டுக்காரிக்குப் போன் போடுங்க" என்றாள் கோகிலவாணி.

போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருப்பாள் போலிருக்கிறது.

"டோக்கன் இருக்குதுங்கல்லொ? அப்பறம் என்னங்க?" அவன் குரல் உயர்ந்தது. "பெத்தவன் வந்து நிக்கறேன். குடுக்க மாட்டேங்கறீங்க!"

"புள்ள சொல்லாம குடுக்க மாட்டனுங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே சந்தேகமாக இருந்தது. உண்மையிலேயே தகப்பனாக இருந்தால் இதைவிடப் பாவம் உண்டா? இல்லாமலிருந்தால்? மதுமதி டீச்சர் வந்து காதோரம், "பாத்தா பாவமா இருக்குங்க்கா, குடுத்துரலாம்" என்றாள். கோகிலவாணி மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். அவன் இன்னும் சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் போடவில்லை. பூவரச மரத்தடியில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். மற்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாக "அம்மா", "தாத்தா", "எங்க சின்னக்கா" என்று சொல்லிவிட்டு அவனைத் தாண்டிப் போயின. அவன் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் அறிவுமதி மட்டும் நின்றாள். கோகிலவாணி அவளைத் தூக்கி ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

"அறிவு, உங்கப்பா எங்க சாமி இருக்காங்க?"

பிள்ளை சந்தேகமே இல்லாமல் சொன்னாள். "போன்லைங்க."

கோகிலவாணிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்தபடியே, "காட்டுக்குள்ளாறங்க. படம் வராது, பேச்சு மட்டுந்தான் வரும். தினமும் பொழுதோட ஒரு பாறை மேல ஏறி நின்னு பேசுவனுங்க" என்றான். ஒன்றே கால் வருஷமாகப் பிள்ளைக்கு அப்பா என்றால் காதில் வைத்துக் கேட்கிற ஒரு சத்தம். வீட்டில் மாட்டியிருக்கிற கல்யாணப் படத்தில் இருப்பவனோ கொழுத்த கன்னமும் வழித்த முகமுமாக இருக்கிறான். இந்தத் தாடிக்காரனை அவள் எங்கே தேடுவாள்?

கோகிலவாணி தன் நம்பரைச் சொன்னாள். "அங்கயே உக்காந்து எனக்குப் போன் போடுங்க" என்றாள்.

அவன் இரண்டு தரம் தப்பாக அழுத்தினான். பிறகு அவள் போன் அடித்தது. எடுத்து அறிவுமதியின் காதில் வைத்தாள்.

"அறிவு சாமி. அப்பா பேசறேன்."

பிள்ளையின் முகம் மலர்ந்ததைக் கோகிலவாணி வெகு பக்கத்தில் பார்த்தாள். கால் இரண்டும் ஸ்டூலில் ஆடத் தொடங்கின. தினமும் கேட்கிற முதல் கேள்வியை அவள் கேட்டாள்.

"அப்பா, தண்ணி வந்துச்சா?"

 மரத்தடியில் இருந்தவன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான். அப்புறம் எடுத்தான். "வந்துருச்சு சாமி" என்றான். "நெறைய வந்துருச்சு."

போனை வைத்திருந்த காதில் ஒரு தரமும் வெறும் காதில் ஒரு தரமும் அந்தச் சொல் விழுந்தது. அறிவுமதியின் கால் ஆட்டம் நின்றது. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, சத்தம் வந்த மரத்தடியைப் பார்த்தாள். அவன் வாய் அசைவதைப் பார்த்தாள். "அறிவு" என்றான் அவன், இந்த முறை போனை இறக்கிவிட்டு.

ஸ்டூலிலிருந்து அவள் எப்படி இறங்கினாள் என்று யாரும் பார்க்கவில்லை. மரத்தடிக்குப் போனவள் கொஞ்சம் தள்ளி நின்றாள், கையை நீட்டி அவன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள், தாடிக்குக் கீழே சத்தம் வருகிற இடத்தை. "இன்னொருக்கா பேசுங்க" என்றாள். அவன் பேசினான். என்ன பேசினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

 எத்தனையோ பிள்ளைகளை வாங்கிக் கொடுத்த கோகிலவாணி, ஒரு பிள்ளை தன் தகப்பனை வாங்கிக்கொள்வதை அன்றைக்குத்தான் பார்த்தாள். சாமி கும்பிடுகிற இடத்தில் நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. எந்தச் சாமி என்று அவள் யோசிக்கவில்லை. ஆனாலும் அவள் கோகிலவாணி அல்லவா? கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"இது ஆரு சாமி?"

"எங்கப்பா!" என்று தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள் அறிவுமதி.

பிள்ளையின் முதுகிலிருந்த ஊக்கை மதுமதி டீச்சர் கழற்றி, வில்லையைக் கோகிலவாணியிடம் கொடுத்தாள். நந்தகுமார் வில்லையை நீட்டினான். அவன் கோபமாக ஏதாவது சொல்வான், சொன்னால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று அவள் காத்திருந்தாள்.

"அந்தக் காட்டுல ஒரு ராத்திரி நான் நிம்மதியாத் தூங்கலீங்க்கா" என்றான் அவன். "புள்ளைய ஆரு பாப்பாங்க, எங்க வுட்டாளோன்னே இருக்கும். எனக்கே குடுக்காதவங்க வேற ஆருக்குங்க குடுப்பீங்க? அடுத்த தரம் போனா தூங்குவனுங்க. வாரனுங்க்கா."

பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான். நாலு எட்டு போனதும் அறிவுமதி அவன் தோளுக்கு மேலாகத் திரும்பி, "ஸ்டாண்டு அத்தை, அப்பா போனுக்குள்ள இருந்து எப்புடி எறங்குனாங்க?" என்று கேட்டாள்.

 கோகிலவாணி கையை ஆட்டினாள். அவர்கள் தெரு திரும்பிய பிறகு இரண்டு வில்லைகளையும் சேர்த்து ஆணியில் மாட்டினாள். ஸ்டாண்டுக்குப் போக வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. இருந்தாலும் கொஞ்ச நேரம் அந்தக் கதவுப் பக்கமே நின்றுகொண்டிருந்தாள்.